புற்றுநோய்ச் செல்கள் அண்டைத் திசுக்களை ஊடுருவும் விதத்தை ஆராயும் ஆய்வக முறைகள்

புற்றுநோயால் நிகழும் உயிரிழப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் முதலில் தோன்றிய கட்டி அன்று. அக்கட்டியிலிருந்து புறப்பட்ட செல்கள் நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளை போன்ற பிற உறுப்புகளில் குடியேறுவதே ஆகும். அவ்வாறு புறப்படுவதற்கு முன்னர் ஒரு செல் தான் பிறந்த இடத்தின் எல்லையைக் கடந்து, அடுத்துள்ள திசுவுக்குள் நுழைந்தாக வேண்டும். இந்நிகழ்வே ஊடுருவல் எனப்படுகிறது. உங்களுடைய அல்லது உங்கள் குடும்பத்தினருடைய திசு ஆய்வு அறிக்கையில் 'ஊடுருவும் வகை', 'ஊடுருவல் ஆழம்' ஆகிய சொற்களுக்கு ஈடான ஆங்கிலச் சொற்களை நீங்கள் கண்டிருக்கக்கூடும்.

ஊடுருவலை ஆய்வகத்தில் எவ்வாறு அளக்கின்றனர், அவ்வளவீடுகள் எதைக் கூற வல்லவை, எதைக் கூற இயலாதவை என்பதை இப்பக்கம் விளக்குகிறது. 'புற்றுநோய் பரவுவதைத் தடுக்கும் பொருள் கண்டுபிடிப்பு' என்னும் செய்திகள் அடிக்கடி வெளிவருகின்றன. அவற்றுள் பல, இங்கு விவரிக்கப்படும் சோதனைகளுள் ஏதேனும் ஒன்றை மட்டுமே அடிப்படையாகக் கொண்டவை.

எல்லை என்பது எது?

வாய், குடல், மார்பகப் பால்நாளங்கள் ஆகியவற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் செல் அடுக்கு ஒரு மெல்லிய விரிப்பின்மீது அமர்ந்துள்ளது. இவ்விரிப்புக்கு அடித்தளச் சவ்வு என்று பெயர். நான்காம் வகைக் கொலாஜன், லேமினின் முதலிய புரதங்கள் பின்னிப் பிணைந்து உருவான இச்சவ்வு, மிக மெல்லியதாயினும் வலிமை வாய்ந்தது. இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் இதற்கு அப்பால் உள்ளன. எனவே, இச்சவ்வுக்கு உட்பட்டு நிற்கும் புற்றுச் செல்களுக்குத் தொலைதூர உறுப்புகளுக்குச் செல்லும் வழி அடைபட்டுள்ளது என்று கொள்ளலாம். மார்பகப் பால்நாளத்தினுள்ளேயே அடங்கியுள்ள புற்றுக்கும், நாளத்தை உடைத்து வெளியேறிய புற்றுக்கும் சிகிச்சை முறை வேறுபடுவது இதனாலேயே.

வாய்ப் புற்றுநோயில் இது இன்னும் நேரடியாகப் புலப்படும். 2018 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு நிலைப்படுத்தல் முறையில், கட்டியின் அகலத்தோடு அதன் ஊடுருவல் ஆழமும் கணக்கில் கொள்ளப்படுகிறது. 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் ஆகியவை எல்லைக் கோடுகளாக வைக்கப்பட்டுள்ளன. மேற்பரப்பில் சிறிதாகத் தோன்றும் புண் ஆழத்தால் உயர்நிலைக்கு மாறலாம்.

நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் காண்பது ஒரு நிலைத்த காட்சி: ஊடுருவல் நிகழ்ந்துள்ளதா, எவ்வளவு ஆழம் என்பது மட்டுமே அதில் தெரியும். அது எவ்வாறு நிகழ்ந்தது, எதைத் தடுத்திருந்தால் நிகழாதிருக்கும் என்னும் வினாக்களுக்கு விடை காண உயிருள்ள செல்கள் தேவை. அதற்காகவே ஆய்வக முறைகள் உருவாக்கப்பட்டன.

கீறல் சோதனை

வளர்ப்புத் தட்டின் அடியில் செல்கள் இடைவெளியின்றிப் படர்ந்தபின், மெல்லிய பிளாஸ்டிக் குழாய் நுனியால் நேர்க்கோடாக ஒரு கீறல் இடப்படுகிறது. இருபுறச் செல்களும் நகர்ந்து அவ்வெற்றிடத்தை மூடுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அளக்கப்படுகிறது. செலவு குறைந்தது; ஏறத்தாழ ஒரு நாளில் முடிந்துவிடும். ஆயின் இது அளப்பது செல்லின் நகர்வை மட்டுமே. கடக்க வேண்டிய தடுப்பு ஏதும் இதில் இல்லை. ஆதலால் இதனை ஊடுருவல் சோதனை என்று அழைப்பது பொருந்தாது. மேலும், செல்கள் நகராமல் வெறுமனே பெருகினாலும் இடைவெளி மூடிக்கொள்ளும். இதனைத் தவிர்க்கச் செல் பெருக்கத்தை நிறுத்தும் மைட்டோமைசின் போன்ற மருந்தைச் சேர்ப்பதும், ஊட்டச்சத்தைக் குறைப்பதும் வழக்கம்.

இரு அறைச் சோதனை

ஊடுருவல் ஆய்வில் மிகப் பரவலாகப் பயன்படும் முறை இதுவே. இதன் வேர் புற்றுநோய் ஆய்வில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஸ்டீபன் பாய்டன், வெள்ளை அணுக்கள் வேதிப்பொருள்களால் ஈர்க்கப்படுவதை அளப்பதற்காக, நுண்துளைகள் கொண்ட வடிதாளால் பிரிக்கப்பட்ட இரண்டு அறைகளை 1962-இல் வடிவமைத்தார். மேலறையில் செல்கள், கீழறையில் ஈர்க்கும் பொருள். துளை வழியே எத்தனை செல்கள் சென்றன என்று எண்ணினால் போதும். கால் நூற்றாண்டு கழித்து, 1987-இல், அட்ரியானா அல்பினியும் அவருடன் அமெரிக்க தேசிய நல நிறுவனங்களில் பணியாற்றியோரும் அத்துளைகளின்மீது அடித்தளச் சவ்வைப் போன்றதொரு கூழ்மத்தைப் பூசினர். இப்போது செல் கீழே செல்ல வேண்டுமாயின் முதலில் அக்கூழ்மத்தைத் துளைத்தாக வேண்டும். நகர்வுச் சோதனை ஊடுருவல் சோதனையாக மாறியது இவ்வாறுதான்.

அக்கூழ்மம் மேட்ரிஜெல் என்ற வணிகப் பெயரால் அறியப்படுகிறது. சுண்டெலியில் வளரும் ஒருவகைச் சதைப்புற்றுக் கட்டி, அடித்தளச் சவ்வின் புரதங்களை மிகுதியாகச் சுரக்கும் இயல்புடையது. அக்கட்டியிலிருந்தே இக்கூழ்மம் பிரித்தெடுக்கப்படுகிறது. லேமினின் இதில் மிகுதி. நான்காம் வகைக் கொலாஜனும் பிற புரதங்களும் சிறிதளவு வளர்ச்சிக் காரணிகளும் உள்ளன. 4 பாகை செல்சியசில் நீர்மமாக இருக்கும் இது, உடல் வெப்பநிலையில் இறுகிவிடும். எனவே இதனைக் கையாளும் குழாய்களும் நுனிகளும் முன்கூட்டியே குளிர்விக்கப்படுகின்றன. பனிக்கட்டியின்மீது வைத்தே ஊற்ற வேண்டும். சற்றே தாமதித்தாலும் பூச்சு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் அமைந்து, முடிவு பயனற்றதாகிவிடும்.

சோதனையின் போக்கு பின்வருமாறு அமையும். 8 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளைகள் நிறைந்த மென்தகட்டை அடியாகக் கொண்ட சிறு கிண்ணத்தில் கூழ்மம் பூசப்பட்டு, இறுகவிடப்படுகிறது. அதன்மேல் ஊனீர் சேர்க்காத ஊடகத்தில் கலந்த செல்கள் இடப்படுகின்றன. கீழறையில் ஊனீர் சேர்த்த ஊடகம் இருக்கும். அதன் வளர்ச்சிக் காரணிகள் செல்களைக் கீழ்நோக்கி ஈர்க்கின்றன. பெரும்பாலான செல் வகைகளுக்கு ஏறத்தாழ ஒரு நாள் காத்திருந்தால் போதும். பின்னர், மேற்புறத்தில் தங்கிவிட்ட செல்கள் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுக்கப்படுகின்றன. அடிப்புறத்தை அடைந்த செல்கள் ஊதாச் சாயம் ஏற்றப்பட்டு நுண்ணோக்கியில் எண்ணப்படுகின்றன.

துளையின் விட்டம் தற்செயலானது அன்று. துளை மிகப் பெரிதாயின் செல்கள் தாமாகவே விழுந்துவிடும். மிகச் சிறிதாயின் செல்லின் உட்கரு நுழைய இயலாது. செல்லின் பிற பகுதிகள் எளிதில் வளைந்து கொடுக்கும், உட்கருவே விறைப்பானது. இடுக்கு வழியில் செல்வதற்கு உட்கருவின் பருமனே இறுதி வரம்பு.

நம்பகமான ஆய்வில் கூழ்மம் பூசாத கிண்ணங்களும் உடன் வைக்கப்படும். பூச்சில்லாத கிண்ணத்தில் 200 செல்களும் பூச்சுள்ள கிண்ணத்தில் 50 செல்களும் கடந்தன என்று வைத்துக்கொள்வோம். நகரும் திறனுடைய செல்களில் கால்பங்கே ஊடுருவின என்று பொருள். இவ்வொப்பீடு இல்லையேல், செல் விரைவாக ஓடியதா, தடுப்பைத் துளைத்ததா என்று பிரித்தறிய வழியில்லை. ஒப்பீட்டு அளவுகோலாக இரண்டு மார்பகப் புற்றுச் செல் வரிசைகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன: நன்கு ஊடுருவும் எம்டிஏ-எம்பி-231, மிகக் குறைவாக ஊடுருவும் எம்சிஎஃப்-7. முதலாவது கடவாமலும் இரண்டாவது எளிதில் கடந்தும் காணப்பட்டால், பிழை சோதனையிலேயே உள்ளது.

இம்முறையின் குறைபாடுகளையும் நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். மேட்ரிஜெல் மனிதத் திசு அன்று; அதன் சேர்க்கை தொகுதிக்குத் தொகுதி மாறுபடும். செல் எப்போது, எவ்வழியில் கடந்தது என்பது தெரியாது. இறுதி எண்ணிக்கை மட்டுமே கிட்டும். எல்லாவற்றினும் முக்கியமானது மற்றொன்று. சோதிக்கப்படும் பொருள் செல்களைக் கொன்றாலோ நலிவுறச் செய்தாலோ அடிப்புறத்தில் எண்ணிக்கை குறையும். அது ஊடுருவலைத் தடுத்தது ஆகாது. நஞ்சின் விளைவு மட்டுமே. அதே செறிவில், அதே நேர அளவில் செல்கள் உயிருடன் உள்ளனவா என்னும் தனிச் சோதனை இல்லாத ஆய்வறிக்கையை ஐயத்துடனேயே அணுக வேண்டும்.

சிதைக்கும் நொதிகளைக் காணுதல்

ஒரு செல் தடுப்பை எதனால் துளைக்கிறது? 1980-இல் லான்ஸ் லியோட்டாவும் அவருடைய குழுவினரும், சுண்டெலிக் கட்டிச் செல்கள் நான்காம் வகைக் கொலாஜனைச் சிதைக்கும் திறனும் அவை பிற உறுப்புகளுக்குப் பரவும் திறனும் இணைந்து செல்வதைக் காட்டினர். அதன்பின், புரதங்களை வெட்டும் நொதிகள், குறிப்பாக உலோகப் புரதச்சிதைப்பி நொதிகள், ஆய்வின் மையத்துக்கு வந்தன.

இவற்றைக் காண எளிய முறைகள் உள்ளன. ஒளிரும் சாயம் இணைத்த ஜெலட்டின் படலத்தின்மீது செல்களை வளர்த்தால், செல்லின் அடியிலுள்ள நுண்ணிய 'ஊடுருவு பாதங்கள்' படலத்தை அரித்த இடங்கள் ஒளிரும் புலத்தில் கரும்புள்ளிகளாகத் தோன்றும். மற்றொரு முறையில், செல்கள் சுரந்த நீர்மம் ஜெலட்டின் கலந்த கூழ்மப் பலகையில் மின்புலத்தால் பிரிக்கப்படுகிறது. நொதி அமர்ந்த இடத்தில் ஜெலட்டின் செரித்துவிடுவதால், நீலச் சாயம் ஏற்றும்போது அவ்விடம் மட்டும் வெண்கோடாக நிற்கும்.

இவ்வறிவு நேரே மருந்தாக மாறும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 1990-களில் மாரிமாஸ்டாட் முதலிய நொதித் தடுப்பிகள் பல வகைப் புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டன. ஆய்வகத்திலும் சுண்டெலிகளிலும் நம்பிக்கை அளித்த அவை, பெரிய மருத்துவ ஆய்வுகளில் பெரும்பாலும் பயனளிக்கவில்லை. மூட்டு, தசை வலி பலருக்கு ஏற்பட்டது. காரணங்கள் பின்னர் ஆராயப்பட்டன. நோயாளிகளில் பெரும்பாலோர் முற்றிய நிலையில் இருந்தனர். ஊடுருவல் முன்பே நிகழ்ந்து முடிந்திருந்தது. இந்நொதிக் குடும்பத்தில் உடலுக்குக் காப்பளிக்கும் உறுப்பினர்களும் உண்டு. அவையும் சேர்ந்து முடக்கப்பட்டன.

2003-இல் மற்றொரு விளக்கமும் வந்தது. பீட்டர் ஃபிரீட்லின் குழுவினர், நொதிகள் அனைத்தையும் தடுத்தபோதும் புற்றுச் செல்கள் அமீபாவைப் போல் உருமாறி, கொலாஜன் இழைகளுக்கிடையே நெளிந்து செல்வதைப் படம்பிடித்தனர். வழியை வெட்டாமலே இடுக்குகளில் புகுந்து செல்ல இயலுமாயின், வெட்டும் நொதியைத் தடுத்துப் பயனென்ன? ஆனால் 2009-இல் ஸ்டீபன் வைஸின் குழுவினர் இதனை மீண்டும் ஆராய்ந்தனர். பெப்சின் கொண்டு பிரித்தெடுத்த கொலாஜன் தன் குறுக்குப் பிணைப்புகளை இழந்து தளர்ந்துவிடுகிறது. அத்தகைய கூழ்மத்தில்தான் செல்கள் நொதியின்றி நழுவுகின்றன. பிணைப்புகள் சிதையாத கொலாஜனில் நொதி இல்லாமல் அவற்றால் நகர இயலவில்லை என்று அவர்கள் காட்டினர். ஒரே வினா, கூழ்மத்தைத் தயாரித்த முறைக்கேற்ப விடை மாறியது. ஆய்வகச் சோதனை எதுவாயினும், செல்லைப் பற்றி எவ்வளவு கூறுகிறதோ அவ்வளவு அச்சூழலைப் பற்றியும் கூறுகிறது.

முப்பரிமாண முறைகள்

உடலில் கட்டி என்பது தட்டையான செல் படலம் அன்று, உருண்டையான திரள். ஆகவே செல்களைத் தட்டில் ஒட்டவிடாமல் வளர்த்து, அரை மில்லிமீட்டர் அளவிலான உருண்டைகளாகத் திரளச் செய்கின்றனர். தட்டின் மூடியிலிருந்து தொங்கும் ஊடகத் துளியில் வளர்ப்பது ஒரு வழி. செல் ஒட்டாத பூச்சுள்ள கிண்ணங்களைப் பயன்படுத்துவது மற்றொன்று. அவ்வுருண்டையை, பெரும்பாலும் எலி வாலின் தசைநாணிலிருந்து எடுத்த முதலாம் வகைக் கொலாஜனுள் பதித்து, நாள்தோறும் படம் எடுக்கின்றனர். உருண்டையிலிருந்து எத்திசையில், எவ்வளவு தொலைவு, தனித்தனியாகவா கூட்டமாகவா செல்கள் வெளியேறின என்பது கண்கூடாகத் தெரியும். பல கட்டிகளில் செல்கள் ஒன்றையொன்று பற்றியவாறு வரிசையாகவே ஊடுருவுகின்றன. முன்னணியில் செல்லும் ஒருசில 'தலைமைச் செல்கள்' பிறவற்றை வழிநடத்துகின்றன. இரு அறைச் சோதனையில் இதனைக் காணவே இயலாது.

அண்டைத் திசு வெறும் தடுப்புச் சுவர் அன்று என்பதும் இம்முறைகளால் தெளிவாயிற்று. கொலாஜன் கூழ்மத்தினுள் நார்த்திசுச் செல்களைக் கலந்து, மேலே வாய்ப் புற்றுச் செல்களை வளர்த்தால், நார்த்திசுச் செல்கள் இல்லாதபோது காணப்படாத ஆழமான ஊடுருவல் ஏற்படுவது உண்டு. உடலின் சொந்தச் செல்களே புற்றுக்கு வழியமைத்துக் கொடுக்கின்றன.

இயற்கையான திசுவையே பயன்படுத்தும் முறைகளும் உள்ளன. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் மார்க் மரீல் 1970-களின் இறுதியில், கோழிக் கருவின் இதயத் துண்டுகளோடு புற்றுச் செல்களைச் சேர்த்து வளர்த்து, ஊடுருவும் செல்களையும் ஊடுருவாதவற்றையும் பிரித்தறிந்தார். பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் துவுலா சாலோவின் குழுவினர், அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கருப்பைத் தசைநார்க் கட்டிகளை வட்டத் துண்டுகளாக வெட்டி, அவற்றின்மீது நாக்குப் புற்றுச் செல்களை வளர்த்தனர். சாதாரணமாக அப்புறப்படுத்தப்படும் தீங்கற்ற கட்டி, மனிதத் திசுவின் உண்மையான புரதங்களோடும் குறைந்த உயிர்வளியோடும் கூடிய ஆய்வுக் களமாயிற்று. எலிக் கட்டிக் கூழ்மத்தைவிட இது நோயாளியின் உடலுக்கு நெருக்கமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒவ்வொரு பெண்ணின் கட்டியும் வேறுபடுவதால், ஒருசீர்மை பேணுவது கடினம்.

உயிருள்ள கருக்களிலும் விலங்குகளிலும்

கோழி முட்டையின் ஓட்டில் சிறு சாளரம் வெட்டி, உள்ளிருக்கும் இரத்தக் குழாய்கள் நிறைந்த சவ்வின்மீது கட்டியை வளர்க்கும் முறை 1911-இலேயே பெய்டன் ரௌஸ், ஜேம்ஸ் மர்ஃபி ஆகியோரால் கையாளப்பட்டது. கருவின் நோயெதிர்ப்பு அமைப்பு இன்னும் முதிராததால் மனிதச் செல்கள் அங்குப் புறக்கணிக்கப்படுவதில்லை. வரிக்குதிரை மீனின் கரு கண்ணாடி போன்று ஊடுதெரிவதால், ஒளிரும் புற்றுச் செல்கள் இரத்தக் குழாயைக் கடப்பதை நேரில் காணலாம். ஆனால் அம்மீனுக்கு உகந்த வெப்பம் ஏறத்தாழ 28 பாகை, மனிதச் செல்லுக்கோ 37 பாகை. இரண்டுக்கும் இடைப்பட்ட சமரசம் தேவைப்படுகிறது. சுண்டெலிகளில் தோலடிச் சாளரம் பொருத்தி நுண்ணோக்கியால் நோக்கும் ஆய்வுகள் மிகுந்த தகவல் அளிப்பவை. செலவும் விலங்கு நெறிமுறைப் பொறுப்பும் அவற்றில் மிகுதி. இந்தியாவில் இத்தகைய ஆய்வுகளுக்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் முன் அனுமதி கட்டாயம்.

செல்லின் அடையாளம்

முறை சரியாக இருந்தும் செல் தவறாக இருக்கலாம். எம்டிஏ-எம்பி-435 என்னும் செல் வரிசை பல ஆண்டுகள் மார்பகப் புற்றுச் செல்லாகக் கருதப்பட்டது. நன்கு பரவும் தன்மையால் ஊடுருவல் ஆய்வுகளில் பெரிதும் விரும்பப்பட்டது. 2000-இல் வெளியான மரபணு வெளிப்பாட்டு ஆய்வு, இது நிறமிச் செல் புற்றை ஒத்திருப்பதாகக் காட்டியது. பின்னர் நிகழ்ந்த டிஎன்ஏ ஒப்பீடுகள், இது எம்-14 என்னும் தோல் நிறமிப் புற்றுச் செல் வரிசையே என்று உறுதிசெய்தன. மார்பகப் புற்று குறித்து அதனைக் கொண்டு எழுதப்பட்ட முடிவுகளை மறுபரிசீலனை செய்ய வேண்டியதாயிற்று. இன்று பல ஆய்விதழ்கள் செல் வரிசைகளுக்கு டிஎன்ஏ அடையாளச் சான்றினைக் கோருகின்றன.

செய்திகளைப் படிக்கும்போது

மஞ்சளிலுள்ள குர்குமின், பல்வேறு மூலிகைச் சாறுகள் ஆகியவை 'புற்றுநோய் பரவலைத் தடுக்கின்றன' என்னும் கூற்றுகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவற்றின் அடிப்படை பெரும்பாலும் தட்டில் செய்த கீறல் சோதனை அல்லது இரு அறைச் சோதனை. தட்டில் உள்ள செல்லின்மீது நேரடியாக ஊற்றப்படும் செறிவு, உண்ணப்படும் பொருளிலிருந்து இரத்தத்தை எட்டுமா என்பது முற்றிலும் வேறு வினா. குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. மேலும், அது நிலைப்புத்தன்மை குறைந்தது, ஆய்வகச் சோதனைகள் பலவற்றில் பொய்யான சாதக முடிவைத் தரக்கூடியது என்று 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் விரிவாக எடுத்துரைத்துள்ளனர். உணவில் மஞ்சள் சேர்ப்பதற்கு இது தடையன்று. ஆனால் அறுவை சிகிச்சையையோ கதிர்வீச்சையோ தள்ளிப்போட்டு இத்தகைய பொருள்களை நாடினால், அவ்விடைவெளியில் ஊடுருவல் தொடர்ந்துகொண்டே இருக்கும். ஏதேனும் துணைப்பொருளை உட்கொள்வதாயின் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

இச்சோதனைகளுள் எதுவும் தனிப்பட்ட நோயாளிக்குச் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமான பரிசோதனை அன்று. உங்கள் கட்டியின் ஊடுருவல் திறனை அளந்து மருந்து கூறுவதாக எவரேனும் கட்டணம் கோரினால், பணம் செலுத்துமுன் உங்கள் சிகிச்சை மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள்.

உங்கள் திசு ஆய்வுக்குக் கேட்கப்பட்டால்

அறுவை சிகிச்சைக்கு முன்னர், நோயறிதலுக்குப் பின் எஞ்சும் திசுவை ஆய்வுக்குப் பயன்படுத்த உங்கள் இசைவு கோரப்படலாம். மேற்கூறிய முப்பரிமாண ஆய்வுகள் அத்தகைய திசுக்களாலேயே நடைபெறுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, இசைவு உங்கள் விருப்பத்தைச் சார்ந்தது. மறுத்தாலும் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படலாகாது. திசு எங்கே, எவ்வளவு காலம் சேமிக்கப்படும், உங்கள் பெயர் நீக்கப்படுமா, பிற நிறுவனங்களுடன் பகிரப்படுமா என்று நீங்கள் கேட்கலாம். படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். எழுதப் படிக்க இயலாதவராயின் சார்பற்ற சாட்சி ஒருவர் முன்னிலையில் அது படித்துக் காட்டப்பட வேண்டும். இசைவளித்த பின்னரும் அதனைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. திசுவிலிருந்து உங்கள் அடையாளம் முற்றிலும் நீக்கப்பட்ட பின்னர் அதனைத் தேடியெடுப்பது இயலாது. ஆகவே, மனம் மாறினால் காலம் தாழ்த்தாமல் படிவத்தில் உள்ள தொடர்பு அலுவலருக்கு எழுத்து வழியாகத் தெரிவிக்கவும்.